கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை: கிட்டப்பார்வை உள்ளவர்கள் முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாக அமைந்திருக்கும் நம் பகுதியில், கண்ணாடி அணியும் இளைஞர்கள் படும் சிரமம் கொஞ்சமல்ல. பவர் கண்ணாடிக்கு மேல் சேஃப்டி கண்ணாடி, அதற்கு மேல் ஹெல்மெட். ஏசி கூடத்திலிருந்து வெளியே வந்தால் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து விடுகிறது. இரவு ஷிஃப்ட் முடித்து மழையில் பைக்கில் வரும்போது எதிரே வரும் லாரியின் விளக்கைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. "லேசர் செய்து கண்ணாடியை எடுத்து விட்டால் என்ன?" என்ற கேள்வி இதனால்தான் அடிக்கடி எழுகிறது. இன்னொரு பக்கம், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிக்காஹ் பேச்சு தொடங்கும் முன்பே கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள்.

இது தொடர்பாக நம்மிடம் வரும் கேள்விகள் இரண்டு வகை. எந்த முறை நல்லது, ஆபத்து உண்டா, எவ்வளவு நாளில் வேலைக்குப் போகலாம் என்பவை ஒரு வகை. இது மார்க்கத்தில் கூடுமா, ஒளு எப்படிச் செய்வது, நோன்பு முறியுமா என்பவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம். மருத்துவர் உங்கள் கண்ணைப் பார்த்துச் சொல்வதற்கு இது மாற்று அல்ல. அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க உதவினால் அதுவே போதும்.

கிட்டப்பார்வை என்றால் என்ன?

கண்ணுக்குள் நுழையும் ஒளி, கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையில் சரியாகக் குவிந்தால்தான் உருவம் தெளிவாகத் தெரியும். பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. இந்த நீளம் கூடிவிட்டால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்து விடுகிறது. கிட்டே இருப்பது தெரியும். பஸ்ஸின் பெயர்ப்பலகை மங்கும். ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை மைனஸ் பவர் வந்துவிடும். கண்ணாடிச் சீட்டில் மைனஸ் 2, மைனஸ் 4 என்று எழுதுவது இதைத்தான்.

லேசர் சிகிச்சை நீண்டுவிட்ட கண்ணைக் குறுக்குவதில்லை. கண்ணின் முன்புறம் கடிகாரத்துக்குக் கண்ணாடி போல மூடியிருக்கும் கருவிழியைச் சற்றுத் தட்டையாக்கி, ஒளி பின்னால் தள்ளிக் குவியும்படி செய்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் போய்விட்டாலும் நீண்ட கண்ணின் விழித்திரை மெலிந்தே இருக்கும். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழிதல், விலகுதல் போன்ற ஆபத்து லேசருக்குப் பிறகும் மாறுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவர்களுக்குக் கட்டாயம்.

சென்னையில் பிறந்தவரின் பங்கு

கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்பதைச் சோதனைகளோடு விளக்கியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஆயிரம் ஆண்டுகள் பழமையானது.

இன்றைய லேசர் சிகிச்சையின் தொடக்கத்தில் இருப்பவர் 1929ல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த விஞ்ஞானி ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணியாற்றிய அவர், 1981 நவம்பரில் முந்தைய நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டு ஒன்றின் மீது எக்சைமர் என்ற புற ஊதா லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியிருந்த சதை கருகாமல், ஒளி பட்ட இடம் மட்டும் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது. 1983ல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து இதைக் கருவிழியில் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அந்த எக்சைமர் லேசரே இன்றும் லாசிக் அறைகளில் இயங்குகிறது.

இன்று உள்ள நான்கு வழிகள்

விளம்பரங்களில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வருகின்றன. அடிப்படையில் அவை நான்கு வகைக்குள் அடங்கும்.

1. பி.ஆர்.கே.: இதுதான் மூத்த முறை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1995ல் இதற்கு அனுமதி அளித்தது. கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு, அதன் கீழ் எக்சைமர் லேசரால் செதுக்குவார்கள். மேல்தோலையும் லேசரே நீக்கினால் 'டிரான்ஸ் பி.ஆர்.கே.' என்பார்கள். தோல் மீண்டும் வளரும் வரை மூன்று முதல் ஐந்து நாட்கள் வலி, எரிச்சல், நீர் வடிதல் இருக்கும். அதுவரை மருந்துக் கட்டுபோல ஒரு கான்டாக்ட் லென்ஸ் வைக்கப்படும். பார்வை முழுத் தெளிவுக்கு வர சில வாரங்கள் ஆகும். கருவிழியில் மூடிபோல எதையும் வெட்டுவதில்லை என்பது இதன் பெரிய பலம். கருவிழி சற்று மெல்லியவர்களுக்கும், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள வேலை, கபடி, பாக்சிங் போன்ற விளையாட்டு உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் இதைச் சொல்வது அதனால்தான்.

2. லாசிக்: கிரேக்க மருத்துவர் பல்லிகாரிஸ் 1990 வாக்கில் உருவாக்கிய முறை. கருவிழியின் மேல்பகுதியில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே எக்சைமர் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைப்பார்கள். மூடியைப் பிளேடால் வெட்டினால் சாதாரண லாசிக். ஃபெம்டோசெகண்ட் லேசரால் வெட்டினால் 'பிளேடு இல்லாத லாசிக்'. 'கான்டூரா' என்பது தனி அறுவை அல்ல. கருவிழியின் மேடு பள்ளங்களை வரைபடமாக எடுத்து அதற்கேற்பச் செதுக்கும் லாசிக்தான் அது. வலி குறைவு, மறுநாளே பார்வை தெளியும். ஆனால் அந்த மூடி முன்போல முழு வலுவோடு ஒட்டுவதில்லை. பல ஆண்டுகள் கழித்தும் கண்ணில் பலமாக அடிபட்டால் அது விலகக்கூடும்.

3. ஸ்மைல்: ஜெர்மனியில் உருவாகி, 2016ல் அமெரிக்க அனுமதி பெற்ற முறை. மூடி வெட்டுவதில்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்கு உள்ளேயே பருப்புத் தோல் போன்ற ஒரு சிறு வில்லையைப் பிரித்து வைக்கும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் துளை வழியாக மருத்துவர் அதை உருவி எடுப்பார். 'ஸ்மைல் புரோ' என்பது இதையே இன்னும் வேகமாகச் செய்யும் புதிய இயந்திரம். கருவிழி நரம்புகள் குறைவாக வெட்டுப்படுவதால் முதல் மாதங்களில் கண் வறட்சி லாசிக்கை விடக் குறைவு. பார்வை தெளிய லாசிக்கை விடச் சில நாட்கள் கூடுதலாகலாம். மிச்சப் பவர் இருந்து மீண்டும் சரிசெய்ய வேண்டி வந்தால், வழக்கமாகப் பி.ஆர்.கே. முறையையோ மூடி திறக்கும் முறையையோ நாட வேண்டியிருக்கும்.

4. ஐ.சி.எல்.: இது லேசர் அல்ல. கண்ணின் இயற்கை லென்ஸை எடுக்காமல், அதற்கு முன்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றைப் பொருத்தும் அறுவை. லேசருக்கு எட்டாத அதிகப் பவர் உள்ளவர்களுக்கும், கருவிழி மிக மெல்லியவர்களுக்கும் உரியது. தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடலாம். கண்ணுக்குள் செய்யும் அறுவை என்பதால் கண் அழுத்தம், கண்புரை, கிருமித் தொற்று பற்றிய கண்காணிப்பு தேவை. செலவும் மற்றவற்றை விடக் கூடுதல்.

இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் கருவிழியின் தடிப்பு, பவர், வேலை இந்த மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்யும்.

தடிப்புக் கணக்கு

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிப்பு, அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். ஒரு டயாப்டர் பவரை நீக்க ஏறக்குறைய 15 மைக்ரான் செதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லாசிக் மூடியின் தடிப்பு 110 மைக்ரான் எனக் கொள்வோம்.

540 மைக்ரான் உள்ள ஒருவருக்கு மைனஸ் 4 பவர். மூடிக்கு 110, செதுக்க 60. அடியில் 370 மைக்ரான் மிஞ்சுகிறது. இது பாதுகாப்பானது.

490 மைக்ரான் உள்ள இன்னொருவருக்கு மைனஸ் 7. மூடிக்கு 110, செதுக்க 105. மிஞ்சுவது 275. குறைந்தது 250 மைக்ரானாவது அடியில் இருக்க வேண்டும் என்பது பழைய வரம்பு. இன்று பல மருத்துவர்கள் 300 இருக்க வேண்டும் என்கிறார்கள். மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு அளவுகோல். இவருக்கு அது 43 சதவீதத்துக்கு மேல் வருகிறது. இவருக்கு லாசிக் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அது இவர் மீதுள்ள அக்கறை. "அந்த மருத்துவமனையில் முடியாது என்றார்கள், வேறு இடத்தில் செய்து தருகிறார்கள்" என்று யாரேனும் சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

யார் செய்யக் கூடாது?

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குச் செய்யக் கூடாது. வயது ஆகியிருந்தாலும், கடந்த ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியிருந்தால் காத்திருக்க வேண்டும். பவர் ஏறிக்கொண்டிருக்கும்போது செய்தால், செய்த பிறகும் அது ஏறும். ஆகவே பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள், கடும் கண் வறட்சி உள்ளவர்கள் ஆகியோருக்கும் மருத்துவர் தடை சொல்வார் அல்லது தள்ளிப்போடுவார். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 'கெரட்டோகோனஸ்'. கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் நோய் இது. அலர்ஜியால் கண்ணை அடிக்கடி கசக்குபவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. தொடக்க நிலையில் வெளியே தெரியாது. இது இருப்பது தெரியாமல் லேசர் செய்துவிட்டால் கருவிழி மேலும் மெலிந்து பார்வையே பாதிக்கப்படும். இதைக் கண்டுபிடிப்பது 'பென்டாகேம்' போன்ற கருவிழி வரைபடப் பரிசோதனை. அந்தப் பரிசோதனை இல்லாமல் தேதி கொடுக்கும் இடத்தில் சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பரிசோதனைக்கு முன் சாதாரண கான்டாக்ட் லென்ஸை ஒன்று அல்லது இரண்டு வாரமும், கடின லென்ஸை அதைவிடக் கூடுதலான நாட்களும் அணியாமல் இருக்க வேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றுவதால் அளவு தவறாகிவிடும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள் என்பதால் அன்று பைக் ஓட்டிச் செல்லாதீர்கள்.

பின்விளைவுகள்

பெரும்பாலானோருக்குப் பலன் நன்றாகவே இருக்கிறது. ஆயினும் எதுவுமே நடக்காது என்று சொல்வது நேர்மையல்ல. அமெரிக்க அரசு நிறுவனங்கள் லாசிக் செய்தவர்களிடம் நடத்தி 2017ல் வெளியிட்ட ஆய்வில், முன்பு பார்வைத் தொந்தரவு ஏதும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரையிலானோர், மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம், கூச்சம் போன்று புதிதாக ஏதேனும் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். முன்பு கண் வறட்சி இல்லாதவர்களில் 30 சதவீதம் வரையிலானோருக்கு வறட்சி அறிகுறி வந்திருந்தது. அதே ஆய்வில், இத்தொந்தரவுகளால் அன்றாட வேலைக்குப் பெரும் சிரமம் ஏற்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் திருப்தியாகவே இருந்தனர். இரண்டு செய்திகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கு இதன் பொருள் என்ன? இரவு ஷிஃப்ட் முடித்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலோ பெங்களூரு நெடுஞ்சாலையிலோ வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒளிவட்டம் சில மாதங்கள் உண்மையான இடைஞ்சல். அந்தக் காலத்தில் கம்பெனி பஸ்ஸில் செல்வது நல்லது. நாள் முழுதும் ஏசி கூடத்தில் நுண்ணிய பாகங்களை உற்றுப் பார்த்து வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கண் வறட்சி கூடுதலாகத் தெரியும். உற்றுப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைகிறது. மருத்துவர் தரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை விடாமல் பயன்படுத்த வேண்டும்.

வெல்டிங், கிரைண்டிங் பிரிவில் இருப்பவர்கள் கவனிக்க: பவர் கண்ணாடி போனாலும் சேஃப்டி கண்ணாடி போகாது. லேசர் செய்த கண்ணுக்குப் பறக்கும் இரும்புத் துகளிலிருந்து எந்தக் கூடுதல் பாதுகாப்பும் இல்லை. உங்கள் வேலையை மருத்துவரிடம் விவரமாகச் சொன்னால் மூடி வெட்டாத முறையை அவர் பரிசீலிப்பார்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு செய்தி. எழுத்து கிட்டத்தில் மங்கும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. மைனஸ் பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார். லேசர் செய்த பின் அவருக்கு ஓதுவதற்குக் கண்ணாடி தேவைப்படும். 38, 40 வயதில் செய்துகொள்ள நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வேலை தேடும் இளைஞர்களுக்கு

கண்ணாடி இல்லாமல் இருந்தால் அரசு வேலை கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிச் செய்துவிட்டு, பிறகு அதனாலேயே வாய்ப்பை இழப்பது பெரிய வேதனை. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு லாசிக் செய்தவர்கள் தகுதி இல்லை என்று தேர்வு வாரிய அறிவிப்புகளிலேயே சொல்லப்பட்டுள்ளது. ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் பதவிக்குப் பதவி விதி மாறும். எந்த வயதில் செய்தீர்கள், செய்து எத்தனை மாதம் ஆயிற்று, கருவிழி எவ்வளவு மிஞ்சியுள்ளது, கண்ணின் நீளம் எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பார்கள். செய்ததை மறைக்கவும் முடியாது. கருவிழி வரைபடத்தில் தெரிந்துவிடும். எனவே விண்ணப்பிக்க நினைக்கும் வேலையின் மருத்துவத் தகுதி விதியை முதலில் படியுங்கள். சிகிச்சை பற்றி அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு

பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பவர் ஆண்டுக்கு ஒன்று வீதம் ஏறிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வரும் முன் செய்துவிட வேண்டும் என்று தேதி குறிக்கிறார்கள். ஓராண்டில் பவர் திரும்ப வருகிறது. இதற்குள் திருமணமாகிக் கர்ப்பமும் தரித்துவிட்டால், மறு சிகிச்சைக்குப் பிள்ளை பெற்றுப் பால் மறக்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்த அவசரத்தால் யாருக்கும் லாபமில்லை.

கண்ணாடி ஒரு குறையல்ல என்பதை மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் உணர வேண்டும். படித்த, தொழுகையுள்ள, நற்குணமுள்ள பெண்ணைக் கண்ணாடிக்காகத் தட்டிக் கழிப்பது எந்த வகையில் நியாயம்? பெண் தன் விருப்பத்தால், தன் வேலை வசதிக்காகச் செய்துகொள்ள நினைத்தால் அது வேறு. முடிவு அவளுடையதாக இருக்கட்டும். இன்னொன்று, கிட்டப்பார்வையில் பரம்பரைக்கும் பங்குண்டு. லேசர் அதை மாற்றாது. தாய்க்குக் கண்ணாடி இல்லை என்பதால் பிள்ளைக்கு வராது என்று எண்ண வேண்டாம்.

செலவும் கடனும்

பொதுவாகப் பி.ஆர்.கே., சாதாரண லாசிக் குறைந்த செலவு, ஃபெம்டோ லாசிக், கான்டூரா அதற்கு மேல், ஸ்மைல் அதற்கும் மேல், ஐ.சி.எல். உச்சம். சொல்லும் தொகை ஒரு கண்ணுக்கா, இரு கண்ணுக்கா. பரிசோதனை, மருந்து, ஓராண்டு மறுபார்வை அதில் அடங்குமா. மிச்சப் பவர் இருந்தால் திரும்பச் செய்யக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பவர்களும் கவனிக்க. 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஒன்று. அதற்கு மேற்பட்ட பவர் உள்ளவர்கள் தங்கள் பாலிசியின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு முன் அனுமதி கேட்கலாம்.

சில இடங்களில் தவணை முறை என்று சொல்லி நிதி நிறுவனத்தின் வட்டிக் கடனைக் கையெழுத்து வாங்குகிறார்கள். கண்ணாடி அணிந்தால் தீர்ந்துவிடும் ஒரு குறைக்காக வட்டியில் விழ மார்க்கத்தில் அனுமதி தேட முடியாது. ஓராண்டு சேமித்துச் செய்யுங்கள். பவர் நிலையாக இருக்கிறதா என்று பார்க்க அந்த ஓராண்டு எப்படியும் தேவைப்படுகிறது.

மார்க்கம் தொடர்பான கேள்விகள்

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாக ஆகாதா? பார்வைக் குறையை நீக்குவது சிகிச்சையே. நோய்க்கு மருந்து தேடுவதை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்திருக்கிறார்கள். அழகுக்காக உறுப்பை மாற்றுவதோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் மருத்துவர் ஆபத்து என்று தடுத்த பிறகும் செய்வது, தனக்குத் தானே தீங்கு தேடுவதாகும்.

ஒளு எப்படிச் செய்வது? சிகிச்சைக்குப் பின் வழக்கமாக ஒரு வாரம் கண்ணுக்குள் தண்ணீர் படக் கூடாது என்பார்கள். கண்ணுக்கு உள்ளே கழுவுவது ஒளுவில் எப்போதும் கடமையல்ல. கண்ணைச் சுற்றிய இடம்தான் கேள்வி. ஷாஃபிஈ மத்ஹபுப்படி, கழுவ முடிந்த பகுதிகளைக் கழுவிவிட்டு, கழுவ முடியாத பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபுப்படி, கழுவ முடியாத இடத்தை ஈரக் கையால் தடவினால் போதும். அதுவும் தீங்கு என்றால் விட்டுவிடலாம். கடமையான குளிப்புக்கும் இதே அடிப்படைதான். தலைக்கு ஊற்றாமல் கழுத்துக்குக் கீழ் குளித்துவிட்டு, மற்றதற்கு உங்கள் மத்ஹபின்படி செய்யுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் சிகிச்சைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொழுகையில் ஸுஜூது செய்யலாமா? லேசர் செய்தவர்களுக்குப் பொதுவாகக் குனியத் தடை சொல்வதில்லை. இருந்தும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் தடுத்தால் அந்த நாட்களில் சைகையால் தொழலாம். விரிப்பில் கண் உரசாமலும், நெரிசலான ஜமாஅத்தில் பக்கத்தவர் முழங்கை படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்தால் நோன்பு முறியுமா? ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவது நோன்பை முறிக்காது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997ல் ஜித்தாவில் கூடியபோதும், தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் இருந்தால் கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்றே முடிவு செய்தது. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். மருத்துவர்களும் இதைச் சொல்வதுண்டு. ஆனால் பி.ஆர்.கே. வலிக்கு மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். எனவே ரமளானுக்கு ஒரு மாதம் முன்போ, பின்போ தேதி வைப்பது நலம். உம்ரா பயணத்துக்குச் சற்று முன்பும் வேண்டாம். தூசியும் நெரிசலும் ஒரு பக்கம். மறுபார்வைக்குச் செல்ல முடியாமல் போவது இன்னொரு பக்கம்.

சுர்மா, கண் மை ஆகியவற்றைச் சிகிச்சைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டும்.

சிகிச்சை நாளும் அதன் பிறகும்

மயக்க ஊசி இல்லை. மரத்துப்போகும் சொட்டு மருந்து மட்டும் விடுவார்கள். இமையைத் திறந்து வைக்கும் சிறு கருவி பொருத்தி, ஒரு விளக்கைப் பார்க்கச் சொல்வார்கள். லேசர் படும் நேரம் சில நொடிகள்தான். இரு கண்ணும் சேர்த்துக் கால் மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். கூட ஒருவர் வர வேண்டும். தானே வண்டி ஓட்டித் திரும்பக் கூடாது.

லாசிக், ஸ்மைல் செய்தவர்கள் அலுவலக வேலைக்கு இரண்டு மூன்று நாளில் திரும்பலாம். தூசி, எண்ணெய்ப் புகை உள்ள பிரிவில் இருப்பவர்கள் ஒன்று அல்லது இரண்டு வாரம் விடுப்பு எடுப்பது நல்லது. பி.ஆர்.கே. என்றால் இன்னும் கூடும். கண்ணைக் கசக்கக் கூடாது. இரவில் கண் கவசம் அணிய வேண்டும். நீச்சலுக்கு ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். கடும் வலி, திடீர் மங்கல், சீழ், அதிகச் சிவப்பு இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திராமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

சிகிச்சைக்கு முந்தைய கருவிழி அளவுகள், பவர், செதுக்கிய அளவு ஆகியவை அடங்கிய கோப்பை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முப்பது ஆண்டு கழித்துக் கண்புரை அறுவை செய்யும்போது லென்ஸ் பவரைக் கணக்கிட அது தேவைப்படும். கருவிழி மெலிந்த கண்ணில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எனவே எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் லேசர் செய்ததைச் சொல்லுங்கள்.

எங்கே காட்டுவது?

நம் பகுதியிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனையும், நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயாவும் உள்ளன. 1819ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்துகொள்ளலாம். தனியார் மையங்களும் பல உண்டு. எங்கே சென்றாலும், இரண்டு வெவ்வேறு இடங்களில் பரிசோதனை செய்து முடிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். என் கருவிழித் தடிப்பு எத்தனை மைக்ரான்? செய்தபின் எவ்வளவு மிஞ்சும்? வரைபடத்தில் கெரட்டோகோனஸ் சந்தேகம் உண்டா? என் விழித்திரை எப்படி உள்ளது? எனக்கு இந்த முறையை ஏன் சொல்கிறீர்கள்? இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் தரும் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள்.

சிறுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை

2050க்குள் உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016ல் வெளியான ஆய்வு கணிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு லேசர் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது அதைவிட மேல். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். மூன்றாண்டில் அவர்களில் 30 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 39 சதவீதத்துக்கு மேல் வந்தது. வெயில் வெளிச்சமே ஒரு மருந்து.

ஹிஃப்ழு வகுப்பு நடத்தும் உஸ்தாதுமார்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பிள்ளைகள் மணிக்கணக்கில் முஸ்ஹஃபை முகத்தருகே வைத்து ஓதுகிறார்கள். அறையில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும். ரிஹாலில் வைத்து முழங்கை தூரத்தில் ஓதட்டும். அரை மணிக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கட்டும். அஸருக்குப் பின் கட்டாயம் மைதானத்துக்குப் போகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மதரஸாவிலேயே கண் பரிசோதனை முகாம் நடத்த ஜமாஅத் நிர்வாகிகள் ஏற்பாடு செய்தால், கரும்பலகை தெரியாமலேயே "படிப்பு ஏறவில்லை" என்று பெயர் வாங்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அது பெரிய உதவியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.